சித்திக்குச் சொன்ன பால்வீதி

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் அம்மா ஒரு கதை சொல்வாள். கல்கத்தாவுக்கு வந்த சித்தி, வானத்தைக் காட்டியே சித்தப்பாவை மடக்கித் தனிக்குடித்தனம் வாங்கிக்கொண்டு போன கதை. சண்டை போடவில்லை, அழவில்லை, நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை, நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டே காரியத்தை முடித்துவிட்டாள் என்று அம்மா முடிக்கும்போது, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் சித்தியைப் பெருமையாகப் பார்ப்பார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலை துடைப்பாள்.

அம்மா அந்த இடத்தில் இல்லை. அப்பாவும் இல்லை. இருந்தது சித்தி, சித்தப்பா, இருவருக்கும் நடுவே நான். எனக்கு அப்போது பத்து வயது. நடந்ததில் பாதி எனக்குப் புரியவில்லை; புரிந்த பாதியையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன். ஆனாலும் அம்மா சொல்கிற மாதிரி அது நடக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குக் கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் உத்தியோகம். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும்தான் தமிழ். நான் பிறந்ததே அங்கேதான். பள்ளிக்கூடம், விளையாட்டு, சண்டை, சமாதானம் எல்லாம் எனக்கு வங்காளியில். தமிழ், வாசற்படிக்கு உள்ளே மட்டும். சாப்பிடு, குளி, தலை பின்னிக்கொள், வாயை மூடு, பெரியப்பா வந்திருக்கிறார் காலில் விழு, இவ்வளவுக்கும் போதுமான தமிழ் என்னிடம் இருந்தது. அதற்கு மேல் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குளிர் தொடங்கியிருந்த ஒரு காலையில் சித்தி வந்து நின்றாள். அம்மாவின் தங்கை. கையில் ஒரே ஒரு பெட்டி. கும்பகோணத்திலிருந்து தனியாக ரயில் ஏறி வந்திருந்தாள். கதவைத் திறந்த அம்மா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சித்தப்பா நிற்கிறாரா என்றுதான் எட்டிப் பார்த்தாள்.

“அவர் வரலையா?”

“இல்லக்கா, நான் மட்டும்தான். கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்.”

எனக்கு ஒரே கொண்டாட்டம். சித்தி வந்தால் தலை பின்னுவது வலிக்காது. அம்மாவுக்கோ அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

சித்திக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவளை, நல்ல இடம் வருகிறது என்று நடுவிலேயே நிறுத்திக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல இடம்தான். சித்தப்பா வீட்டாருக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அண்ணன்மார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், கடைச் சிப்பந்திகள் என்று ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூடத்தில் இலை போடுகிற வீடு. சித்தப்பா கடைக்குட்டி.

அம்மா விசாரணையைத் தொடங்கினாள். மாமியார் ஏதாவது சொன்னாளா? இல்லை. ஓரகத்திகள்? இல்லை. அவர் குடிக்கிறாரா, கை ஓங்குகிறாரா? சேச்சே. குழந்தை இல்லையென்று குத்திக்காட்டுகிறார்களா? யாரும் ஒன்றும் சொல்வதில்லை. “அப்புறம் என்னதான்டி?” என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அங்க ஒரு குறையும் இல்லக்கா. காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கிறோம்னுதான் தெரியல.”

அம்மா உடனே உப்பையும் மிளகாயையும் எடுத்து அவளுக்குச் சுற்றிப் போட்டாள்.

எனக்கும் விளங்கவில்லை. காலையில் எழுந்திருப்பது பள்ளிக்கூடம் போவதற்கு. சித்திக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்கலாம். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

அப்பா எஸ்டிடி பூத்துக்குப் போய் ஊருக்குப் பேசினார். அடுத்த வாரம் சித்தப்பா வந்துசேர்ந்தார். ஒரு கையில் கடையிலிருந்து எங்களுக்காகக் கொண்டுவந்த எவர்சில்வர் டிபன் கேரியர். தலையில் குரங்குக் குல்லாய். கல்கத்தாக் குளிர் காதுக்குள் போனால் ஆளை விடாது என்று ரயிலில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அந்த மாதத்தில் வங்காளிகளில் பாதிப்பேர் அப்படித்தான் திரிவார்கள் என்பதால், தெருவில் யாரும் அவரை வெளியூர்க்காரர் என்று நினைக்கவில்லை. காக்கிமா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாள் அவரிடம் வங்காளியிலேயே விலாசம் விசாரித்தாள்.

சித்தப்பா சாது. அம்மாவிடம் பேசினார், அப்பாவிடம் பேசினார், என்னிடம் பேசினார். சித்தியிடம் பேச வேண்டியதையும் என்னிடமே பேசினார். “பாப்பா, சித்தி சாப்பிட்டாச்சான்னு கேளு.” சித்தி எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நிற்பாள். நான் திரும்பி, “சித்தி, சாப்பிட்டாச்சா?” என்பேன். “ஆச்சுன்னு சொல்லு.” நான் இந்தப் பக்கம் திரும்பி, “ஆச்சாம்” என்பேன். முதல் நாள் இது ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எனக்குக் கழுத்து வலித்தது.

சண்டை என்றால் சத்தம் போடுவார்கள், பாத்திரம் விழும் என்று எனக்குத் தெரியும். இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் போல எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு பேரையும் எங்கேயாவது ஒன்றாக உட்காரவைத்தால் பேசிக்கொள்வார்கள். விக்டோரியா தோட்டம் என்றார். அங்கே குடைக்கடியில் ஜோடிகள் உட்கார்ந்திருக்கும், கௌரவமானவர்கள் போகிற இடமில்லை என்று அம்மா தள்ளிவிட்டாள். மிருகக்காட்சிசாலையில் குளிர்காலக் கூட்டம். கடைசியில் தாராமண்டல் என்று முடிவாயிற்று. பெரிய கும்மட்டத்துக்குக் கீழே இருட்டில் உட்காரவைத்து வானத்தைக் காட்டுகிற இடம். இருட்டு, நல்ல நாற்காலி, எழுந்து போக முடியாது. சமாதானத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது என்றார் அப்பா.

அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “நாங்க வெளியில இருக்கோம். பாஷை தெரியாத ஊருன்னு உன்னைக் கூட அனுப்பறேன். நீ ஓரத்துல உட்காரணும். அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. புரிஞ்சுதா?” என்றாள். ஏன் என்று கேட்டேன். “சொன்னதைச் செய்” என்றாள்.

பஸ் புதுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு மிச்சில் வழிமறித்தது. கல்கத்தாவில் ஊர்வலத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. கொடிகளும் கோஷமும் போய் முடிகிற வரையில் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இங்கிலீஷ் காட்சி தொடங்கிவிட்டிருந்தது. அடுத்தது வங்காளி. அப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு, “பரவாயில்ல, வானத்தைப் பார்க்கத்தானே போறீங்க” என்று மூன்று டிக்கெட் வாங்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

வாசலில் ஒட்டியிருந்த தட்டியை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் சாயாபோத்தின் பிறப்பும் வளர்ச்சியும் என்று போட்டிருந்தது. சாயா என்றால் நிழல், போத் என்றால் பாதை. நிழல்பாதை எப்படிப் பிறக்கும்?

உள்ளே போனதும் சித்தி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். “நீதான்டி எனக்கு அர்த்தம் சொல்லணும்” என்றாள். சித்தப்பா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அம்மா சொன்னது ஞாபகம் வந்து நான் எழுந்தேன். டார்ச் லைட்டோடு வந்த ஆள் “போஷோ, போஷோ” என்று அதட்டி என்னை உட்காரவைத்தார்.

“இருக்கட்டும் பாப்பா, எனக்கும் சேர்த்து சொல்லு” என்றார் சித்தப்பா. இப்படியாக நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

கூடத்தின் நடுவே ராட்சசக் கட்டெறும்பு போல ஒரு கறுப்பு இயந்திரம் நின்றிருந்தது. கும்மட்டத்தின் ஓரத்தில் கல்கத்தாவின் கட்டடங்கள் நிழலாகத் தெரிந்தன. மெல்ல மெல்லப் பொழுது சாய்வது போல வெளிச்சம் குறைந்தது. திடீரென்று மேலே முழுக்க நட்சத்திரம். எங்கள் யார்டின் விளக்குகளுக்கு மேலே நான் பார்த்த வானத்தில் இதில் நூற்றில் ஒரு பங்குகூட இருந்ததில்லை.

“அடேயப்பா” என்றாள் சித்தி. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கனத்த ஆண் குரல் பேசத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது கோலிக்குண்டு வங்காளி. இது பாடப்புத்தக வங்காளி. முதல் வாக்கியத்திலேயே நான் வழி தவறிவிட்டேன்.

“என்ன சொல்றாங்க?”

“நம்ம நிழல்பாதை எப்படிப் பொறந்துச்சுன்னு சொல்லப்போறாங்களாம்.”

“நிழல்பாதையா?” சித்தி மேலே நீண்டு கிடந்த வெளுத்த பட்டையைப் பார்த்தாள். “பால்வீதியா இருக்கும்டி. கேலக்ஸி. நம்ம இருக்கற கேலக்ஸி.”

பால்வீதி என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. குவார்ட்டர்ஸில் பால் பூத் இருக்கிற தெரு ஒன்று உண்டு. அது எப்படி மேலே போயிற்று என்று திகைத்தேன். கேலக்ஸி என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். அதற்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் எந்தத் தெருவோடும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து அந்தக் குரல் நீஹாரிகா என்றது. நீஹாரிகா எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண். என் ஸ்கிப்பிங் கயிற்றை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவள். அவள் பேச்சு இங்கே எதற்கு வருகிறது? மேலே பார்த்தால் பெரிய புகைமூட்டம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. சரி, நீஹாரிகா என்றால் புகையும்தான் போலிருக்கிறது.

முதலில் சித்தியின் காதில் சொல்வேன், பிறகு திரும்பிச் சித்தப்பாவின் காதில். “முதல்ல ஒண்ணுமே இல்லையாம். வெறும் கேஸ்தான் இருந்துச்சாம்.”

“கேஸா?” சித்தப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

“அது தன்னோட கனம் தாங்காம உள்ள உள்ள விழுந்துச்சாம். சுத்திச்சாம். சுத்திச் சுத்தி தோசை மாதிரி தட்டையா ஆயிடுச்சாம். நடுவுல மட்டும் இட்லி மாதிரி உப்பலா.”

என்னிடம் இருந்த தமிழில் வட்டமான பொருட்கள் எல்லாம் சமையலறையில்தான் இருந்தன.

“சுத்த ஆரம்பிச்சது எதனாலன்னு சொன்னாங்களா?” என்று சித்தி கேட்டாள்.

“சொல்லல.”

“முன்னாடியே லேசா சுத்திட்டு இருந்திருக்கும். சுருங்கச் சுருங்க வேகம் கூடியிருக்கும்” என்று அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அவள் குரல் வீட்டில் கேட்கிற குரலாக இல்லை. அம்மாவோடு பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் விட்டுவிடுவாள். இதை முழுசாகச் சொல்லிமுடித்தாள்.

தோசையாவதற்கு முன்பே பிறந்த கிழட்டு நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாக வெளியே நின்று சுற்றிவருகின்றன என்று சொன்னேன். செத்துப்போன நட்சத்திரம் வெடித்துச் சாம்பலாகும், அந்தச் சாம்பலும் சேர்ந்துதான் புது நட்சத்திரம் பிறக்கும் என்று சொன்னேன். “நம்ம சூரியன் ரொம்பக் கடைசியா வந்ததாம். நடுவுல இல்லையாம், ஓரமா ஒரு மூலைல இருக்காம்” என்று சொன்னபோது, கடைக்குட்டியான சித்தப்பா, “ம்” என்றார்.

பிறகு அந்தக் குரல் வேகமெடுத்தது. நம்முடைய கேலக்ஸி தொடக்கத்திலிருந்தே இவ்வளவு பெரிதாக இல்லை; சிறு கேலக்ஸிகளை இழுத்து விழுங்கித்தான் வளர்ந்தது; இப்போதும் ஒரு பாமோன் கேலக்ஸியைப் பிய்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றது. பாமோன் என்றால் குள்ளன், நம்முடைய வாமனன்தான். இது இப்போது தெரிகிறது. என் காதில் பாமுன் என்று விழுந்தது. குவார்ட்டர்ஸில் கல்யாணம் என்றால் பெரிய அண்டாக்களோடு சமைக்க வருகிறவரை பாமுன் டாகுர் என்பார்கள். சமையல்காரர் எப்படி வானத்துக்கு வந்தார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. சித்தியிடம் சுருக்கமாக, “சின்ன கேலக்ஸியை எல்லாம் நம்மது முழுங்கிடுமாம்” என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவிடம் விவரமாகச் சொன்னேன்.

“நம்மது இப்பகூட ஒரு சமையல்கார கேலக்ஸியை முழுங்கிட்டு இருக்காம்.”

சித்தப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். “சமையல்காரியவா?”

“ம். ஒரேயடியா இல்லையாம். இழுத்து இழுத்து, நூல் நூலாப் பிச்சு.”

“இதை அவங்க சொன்னாங்களா, உன் சித்தி சொன்னாளா?”

“அவங்கதான்” என்று நான் மேலே கையைக் காட்டினேன். சித்தப்பா இருட்டை அண்ணாந்து பார்த்தார்.

அதே நேரத்தில் சித்தி என் கையை இழுத்தாள். “முழுங்கினதுக்கு அப்புறம் அந்தச் சின்னதோட நட்சத்திரமெல்லாம் என்ன ஆகும்? கலந்துபோயிடுமா, இல்ல இது அதோடதுன்னு தனியாத் தெரியுமா?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒருவர் கேட்டதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வாரமாக எனக்குப் பழகிப்போன வேலை. கழுத்து தானாகத் திரும்பியது.

“சித்தப்பா, முழுங்கினதுக்கு அப்புறம் சின்னது என்ன ஆகும்னு சித்தி கேக்கறாங்க. கலந்தே போயிடணுமா, இல்ல தனியாத் தெரியலாமான்னு.”

 சித்தப்பா என் காதருகே குனிந்தார். 

“அங்க அவளுக்கு மூச்சு முட்டுதான்னு கேளு.”

இது என்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. கேஸ் இருக்கிறதே என்று கேட்கிறாரோ என்னவோ. சித்தியிடம் திரும்பி, “அங்க மூச்சு முட்டுமான்னு கேக்கறாரு” என்றேன்.

சித்தி சிரித்தாள். சித்தப்பா இதையெல்லாம் கவனிக்கிறார், கேள்வியும் கேட்கிறார் என்பதில் அவளுக்கு எவ்வளவோ சந்தோஷம். “காத்தே கிடையாதே அங்க! எங்கேருந்து மூச்சு விடறது?”

“காத்தே இல்லையாம் சித்தப்பா. மூச்சே விட முடியாதாம்.”

சித்தப்பா குரங்குக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் இன்னொரு கேலக்ஸி வந்தது. மேலே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு வெள்ளைச் சுழல் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. பக்கத்துக் கேலக்ஸி, கோடி கோடி வருஷம் கழித்து நம்முடையதோடு வந்து மோதப்போகிறது என்று சாவதானமாகச் சொன்னது அந்தக் குரல்.  கோடி வருஷம் என்பது நீண்ட காலம் என்று தெரிந்தாலும், அது ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காதை மட்டும் வெளியே வைத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்றது குரல். நட்சத்திரங்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி, இரண்டு கேலக்ஸியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் நட்சத்திரங்கள் அநேகமாக முட்டிக்கொள்ளாது. எனக்கு உயிர் வந்தது. இந்த நல்ல சேதியைச் சித்தப்பாவிடம் உடனே சொன்னேன்.

“ஒண்ணும் உடையாதாம் சித்தப்பா. நடுவுல நிறைய இடம் விட்டா யாரும் யார் மேலயும் முட்டிக்க மாட்டாங்களாம்.”

“இடம் விட்டா” என்றார் சித்தப்பா.

“ஆமா. இடம் வேணுமாம்.”

விளக்கு வந்தது. ஜனங்கள் எழுந்து போர்வைகளைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சித்தி மட்டும் சாய்ந்தபடியே, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிட்ட கும்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் நீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது. அதை நானும் பார்த்தேன், சித்தப்பாவும் பார்த்தார்.

வெளியே கண் கூசுகிற வெயில். அம்மாவும் அப்பாவும் மைதானத்தின் புல்லில் உட்கார்ந்து கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சித்தப்பா அப்பாவைத் தனியாக அழைத்துக்கொண்டு ஒரு மரத்தடிக்குப் போனார். நான் ஜால்முரி வாங்கித் தின்று முடிக்கிற வரையில் பேசினார்கள். திரும்பி வந்த சித்தப்பா நேராகச் சித்தியின் முன்னால் நின்றார். நான் வழக்கம் போல நடுவில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஊருக்குப் போனதும் அண்ணன்கிட்ட பேசறேன்” என்றார் சித்தியிடம். “பக்கத்துத் தெருவுல தனியா ஒரு வீடு பார்த்துக்கலாம்.”

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எதுக்கு?” என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “எதுக்காம்!” என்று அம்மா சித்தியின் கன்னத்தைக் கிள்ளினாள். சித்தப்பாவும் வெட்கத்தோடு சிரித்தார். எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று தெரியவில்லை. சித்தியும் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா சேமியா பாயசம் வைத்தாள். காக்கிமாவுக்கு ஒரு கிண்ணம் போயிற்று. என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்கு, வானத்திலிருந்து வீடு கிடைத்தது என்று அப்பா தன்னுடைய ரயில்வே வங்காளியில் சொன்னார். சமையலறையில் சித்தி பாயசத்தைக் கிண்டிக்கொண்டே, “நான் தனி வீடு கேக்கவே இல்லையேக்கா” என்றாள்.

“கேக்காம வாங்கறதுதான்டி கெட்டிக்காரத்தனம்” என்றாள் அம்மா.

“நிஜமாவே கேக்கல.”

“சரி சரி, கேக்கல. முந்திரி வறுபட்டுச்சா பாரு.”

இரண்டு நாளில் அவர்கள் புறப்பட்டார்கள். ஹௌரா ஸ்டேஷனில் சித்தப்பா சித்தியிடம் நேராகவே, தண்ணீர் பாட்டில் எடுத்தாயா, ஜன்னல் பக்கம் உட்காருகிறாயா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என் வேலை போய்விட்டது. சித்தி சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஜன்னல் வழியாக எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. வருத்தமாக இருக்கிறாளா என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தனி வீடு நன்றாகத்தான் அமைந்தது. சித்தப்பா நல்ல மனிதர். கடைசி வரையில் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு சித்தி அஞ்சல்வழியில் பட்டம் படிக்க விண்ணப்பித்தாள். இயற்பியல் அஞ்சல்வழியில் கிடையாது, ஆய்வகம் வேண்டும் என்றார்களாம். வரலாறு எடுத்துப் படித்தாள். கெட்டிக்காரி, பொழுதை வீணாக்காதவள் என்று அம்மா அதையும் கதையோடு சேர்த்துக்கொண்டாள்.

நான் வேலைக்குப் போய், நியூ டவுனில் குடியேறி, எஸ்டிடி பூத்துகள் எல்லாம் மூடிப்போன பிறகு, சித்தி சில சமயம் எனக்கு போன் செய்வாள். ஒருமுறை எல்லாருடைய சுகத்தையும் விசாரித்து முடித்த பின்பும் போனை வைக்காமல் இருந்தாள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

“ஏன்டி, இந்த கம்ப்யூட்டர்ல எல்லாம் வருதாமே. நம்ம கேலக்ஸி முழுங்கின சின்னதெல்லாம் அப்புறம் என்ன ஆகும்னு பார்த்துச் சொல்றியா?”

நான் பார்த்துச் சொன்னேன். அந்த நட்சத்திரங்கள் உடனே கலந்துவிடுவதில்லையாம் சித்தி, வெகு காலத்துக்கு ஒரு நீண்ட ஓடையாக ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்குமாம், இது வெளியிலிருந்து வந்தது என்று அந்தப் போக்கை வைத்தே கண்டுபிடிக்கிறார்களாம் என்றேன்.  லைன் போய்விட்டதா என்று ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேன்” என்றாள். “அப்படியா? ஓடையாவா?” என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

பத்து வயதில் எனக்குப் பெரியவர்களைப் பற்றி ஒன்றுதான் தெரிந்திருந்தது: அவர்கள் ஒன்றைச் சொன்னால் வேறு ஒன்றைச் சொல்கிறார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கேட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்த வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த இருட்டில் சித்தி என் கையை இழுத்து இழுத்துக் கேட்டதெல்லாம் சித்தப்பாவுக்குப் போக வேண்டிய சேதி என்று நானும் நம்பினேன். ஒரு பெண்பிள்ளை, வீட்டையும் புருஷனையும் விட்டுத் தனியாக இத்தனை தூரம் ரயிலேறி வந்தவள், நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டால் நட்சத்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை.